காசில்வேனியா கேம்போய் பாகம்: குற்றம் பெட்டியிலா, கேமிலா?

2024 மார்ச் 3, காலை. ஒரு வாசகர் கேட்டது

"சவுக்கோடு போய் டிராகுலாவை வேட்டையாடும் பழைய கேம் தொடர்தானே காசில்வேனியா, கொனாமி நிறுவனம் போட்ட அதன் தொகுப்பை, அனிவர்சரி கலெக்ஷனை, விலை குறைந்தபோது வாங்கினேன். மொத்தம் எட்டு கேம். சின்னதாக இருக்குமே என்று 'தி அட்வென்ச்சர்' என்கிற பாகத்தைத்தான், கேம்போய் என்ற பழைய கையடக்கக் கேம் பெட்டிக்கு வந்ததை, முதலில் போட்டேன். தேடிப் பார்த்தால் ஆளாளுக்கு அதைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். 1989இல் வந்த ஒரு பச்சைத் திரைப் பெட்டியில் இதைவிட என்ன செய்திருக்க முடியும்? பாட்டு நல்லாயிருக்கு, சவுக்கு இருக்கு, டிராகுலா இருக்கிறார். கேம்போய்க்கு இது போதும்தானே?"

2024 மார்ச் 3, இரவு

போதாது தம்பி. "கேம்போய்க்கு இது போதும்" என்ற இந்தக் கதையை எத்தனையோ வருசமாகக் கேட்டுவிட்டேன். ஒருதரமும் மனம் ஒப்பவில்லை.

கேம்போய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1989 ஏப்ரல் 21. சூப்பர் மரியோ லேண்ட் வந்ததும் அன்றைக்குத்தான். அதைப் போட்டுப் பாருங்கள். மரியோ ஓடுகிறான், திரும்புகிறான், நினைத்த இடத்தில் குதிக்கிறான். தி அட்வென்ச்சர் வந்தது அதே வருசம் ஒக்டோபர் 27, ஆறு மாசம் பிந்தி. அதே சில்லு, அதே 160க்கு 144 புள்ளித் திரை, அதே நாலு தர நிழல். அதில் நாயகன் கிறிஸ்டோபர் பெல்மொன்ட் நடக்கிற நடையைப் பாருங்கள். மழை விட்டபிறகு ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணி நிற்கும்போது சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார்களே, அந்த நடை. எதிரிகள் இரண்டு மூன்று பேர் ஒன்றாக வந்துவிட்டால் அந்த நடையும் இழுபடும்.

மற்றது, பறிகொடுத்தவை. 1986இல் வந்த முதல் காசில்வேனியாவில் சவுக்கைத் தவிர ஐந்து துணை ஆயுதம் இருந்தது: குத்துவாள், கோடாரி, புனித நீர், சிலுவை, நேரத்தை நிறுத்தும் கடிகாரம். எந்த பொஸ்ஸுக்கு, அதாவது ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரிக்கு, எதைக் கொண்டுபோவது என்று யோசிப்பதுதான் அந்த கேமின் பாதி. இதில் ஒன்றுகூட இல்லை. படிக்கட்டை எடுத்துவிட்டுக் கயிறு போட்டார்கள். மொத்தமே நாலு ஸ்டேஜ். எல்லாவற்றையும்விட மோசம், ஒரு அடி பட்டால் சவுக்கு பழையபடி தோல் சவுக்காகிவிடும். பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு வௌவால் வந்து கொண்டுபோய்விடும்.

பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். பெட்டி பாவம்.

2024 மார்ச் 4

பாட்டு விசயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நேற்று கோபத்தில் அதை எழுத விட்டுப்போச்சு. முதல் ஸ்டேஜ் பாட்டை இன்றைக்கும் 101 பஸ்ஸில் நின்றுகொண்டே முழுசாக மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். கேம்போயில் சத்தத்துக்கு இருப்பது நாலே நாலு தடம். அதில் இரண்டு சதுர அலை, ஒன்று நாமே வடிவம் கொடுக்கக்கூடிய அலை, ஒன்று வெறும் இரைச்சல். அதை வைத்துக்கொண்டு அப்படி ஒரு பாட்டுப் போட்டவர்களுக்குப் பெட்டி குறுக்கே நிற்கவில்லையே. நான் சொல்ல வந்ததற்கு அதுவே சாட்சி.

2024 மார்ச் 6

"உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம், ஒரு பழைய கேம்தானே" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும் வீடு. எங்களிடம் ரீவி கேம் இல்லை. மேல்மாடியில் என்னோடு படித்த பெடியன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டில்தான் நான் காசில்வேனியாவைப் பார்த்தேன். நூற்றுச்சொச்சம் கேம் என்று மேலே ஒட்டிய மஞ்சள் கசற், உள்ளே உண்மையில் பதினைந்தோ இருபதோதான் இருக்கும், மிச்சமெல்லாம் பேர் மாற்றிப் போட்டவை. கொண்ட்ரா, டாங்கி, மரியோவோடு இதுவும் இருந்தது. மற்றவர்கள் கொண்ட்ராவுக்கு அடிபடுவார்கள். எனக்கு இதுதான். அந்த மனுசன் சவுக்கை ஓங்கும்போது கை முதலில் பின்னுக்குப் போய்விட்டுத்தான் முன்னுக்கு வரும். அந்தக் கண் இமைக்கும் நேரத்துக்குள் நாம் பயப்பட வேண்டும். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது அவன் வீடு. அவனுடைய அம்மா ஆறு மணிக்கு விளக்கு வைத்ததும் நான் கீழே இறங்கிவிட வேண்டும்.

1994 ஓகஸ்டில் பெரியம்மாவின் மகன், சுவிஸ் அண்ணா, வந்தார். பெட்டியைத் திறந்து சொக்லேட், சென்ற், சேட்டுத் துணி என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எனக்கு ஒரு கேம்போயைத் தந்தார். அவர் பாவித்தது, பின்பக்கத்தில் அவருடைய பெயர் கீறியிருந்தது. அதற்குள் ஒரே ஒரு கசற். ஒட்டியிருந்த தாளில் சவுக்கோடு ஒருவன். காசில்வேனியா!

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தை இப்போது எழுதி விளங்கப்படுத்த முடியாது. அந்த மேல்மாடி வீடு என்னுடைய கைக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். மாடிக்கு ஏறத் தேவையில்லை, ஆறு மணிக்கு இறங்கத் தேவையில்லை.

பத்து நிமிசம்தான். முதல் பள்ளத்தைத் தாண்டக் குதித்தேன், விழுந்தேன். திரும்பக் குதித்தேன், விழுந்தேன். மூன்றாம்தரம் விளங்கியது, பாதி கால் விளிம்புக்கு வெளியே தொங்கும்வரை போய்க் குதித்தால்தான் அந்தப் பக்கம் எட்டும். மேலே விளையாடியபோது குதிப்பது பயமாக இருக்கும், ஆனால் நியாயமாக இருக்கும். இது நியாயமில்லை என்று பத்து வயதிலேயே எனக்குப் பட்டது. அதைச் சொல்ல ஆள் இல்லை. அண்ணா ஆசையாகக் கொண்டுவந்தது. "எப்படி, நல்லாயிருக்கா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு அதே கசற்றோடு மூன்று வருசம். வேறு கசற் வாங்குவதென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போக வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைகளைத் தனியாக விடமாட்டார்கள், அப்பாவுக்கும் அதற்கு நேரமில்லை. ஆகவே அதையே விளையாடினேன். எந்த மெழுகுதிரிக்குள் என்ன இருக்கிறது, எந்தக் கயிறு எங்கே போகிறது என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் படம் கீறினேன். மூன்றாம் ஸ்டேஜுக்கு மேல் என் படம் போகவில்லை. கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். பிடிக்காத ஒன்றை விளையாடிய கோபம் இல்லை இது. மிகவும் பிடித்த ஒன்று கையில் கிடைத்தும் கிடைக்காமல் போன கோபம்.

2024 மார்ச் 7

திருத்தம். 3ஆம் தேதி "ஒரு அடி பட்டால் பழையபடி தோல் சவுக்காகிவிடும்" என்று எழுதியது பிழை. நேற்று இரவு திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு அடிக்கு ஒரு படிதான் இறங்கும். பளிங்குக் கல் ஒன்று எடுத்தால் இரண்டாம் சவுக்கு, இன்னொன்று எடுத்தால் நுனியிலிருந்து தீப்பந்து பறக்கும் மூன்றாம் சவுக்கு. அடி பட்டால் மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. தீப்பந்து உடனே போய்விடுவதால் எல்லாமே போனமாதிரி மனதில் நின்றிருக்கிறது.

சரியாகச் சொன்னாலும் வழக்கு மாறாது. முதல் காசில்வேனியாவிலும் சவுக்கை இழக்கலாம், ஆனால் செத்தால்தான். அடி வாங்கியதற்கு உயிர்க்கோடு குறையும், அத்தோடு தண்டனை முடிந்தது. இதில் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை: உயிரும் குறையும், ஆயுதமும் குறையும். ஆயுதம் குறைந்தவன் அடுத்த எதிரிக்குக் கிட்டப் போய்த்தான் அடிக்க வேண்டும். கிட்டப் போனால் திரும்ப அடி படும். மெதுவாக நடக்கிறவனால் விலகவும் முடியாது. ஒரு தடுமாற்றம் அடுத்த தடுமாற்றத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. சறுக்கினவனுக்குப் பிடித்து எழும்ப ஒரு கயிறுகூட விடவில்லை, திரையெல்லாம் கயிறு தொங்கியும்.

இன்னொன்று. இதயங்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. மற்ற பாகங்களில் மெழுகுதிரியிலிருந்து விழும் இதயம் துணை ஆயுதத்துக்கான குண்டு மாதிரி. இதில் துணை ஆயுதமே இல்லாததால் இதயம் எடுத்தால் உயிர் ஏறும். அது ஒரு தயவு, ஒத்துக்கொள்கிறேன்.

2024 மார்ச் 10

மெதுவான நடையைப் பற்றி ஒரு யோசனை. இரண்டு நாளாக மனதுக்குள் கிடக்கிறது.

பழைய கேம்போய்த் திரையைக் கண்ணால் கண்டவர்களுக்குத் தெரியும். வேகமாக எதுவும் அசைந்தால் அது பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும், ஈரமான கரும்பலகையைத் துணியால் துடைத்தமாதிரி. வௌவால் பறக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவே முடியாது, நின்றபிறகுதான் தெரியும். அப்படியென்றால் கிறிஸ்டோபரை மெதுவாக நடக்க விட்டதே அந்த நிழலுக்குப் பயந்துதானா? திரை தெளிவாகத் தெரியட்டும் என்று வேகத்தைக் குறைத்தார்களா? ஆளையும் ரீவி பாகத்தில் இருந்தமாதிரிப் பெரிதாகவே வைத்திருக்கிறார்கள். முதல் காசில்வேனியா வந்த ரீவி கேம் பெட்டியான ஃபமிகொமின் திரை 256 புள்ளி அகலம், இது 160. திரை சுருங்கியது, ஆள் சுருங்கவில்லை. அவன் வேகமாக ஓடினால் முன்னால் வருவதைப் பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. மரியோ லேண்ட்காரர்கள் ஆளைக் குருவி அளவுக்குச் சின்னதாக்கிவிட்டு ஓட விட்டார்கள். இவர்கள் ஆளின் கம்பீரத்தை விட மனமில்லாமல் நடையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

இது என் ஊகம்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வருகிறது. அந்தப் பெரிய உருவம் வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்ததுதானே.

2024 மார்ச் 11

"அண்ணா, நீங்களே இப்போது பெட்டியில் குற்றம் சொல்கிறீர்கள்" என்று கேள்வி கேட்ட தம்பி பிடித்துவிட்டார். நல்ல பிடி. இரவு யோசித்தேன்.

இல்லை. பெட்டி ஒரு நிபந்தனை போட்டது, அவ்வளவுதான். அந்த நிபந்தனைக்கு என்ன பதில் சொல்வது என்பது செய்கிறவர்கள் கையில். நடை மெதுவென்றால் பள்ளத்தை அகலம் குறைத்துப் போட்டிருக்கலாம். விளிம்பின் கடைசிப் புள்ளியில் நின்று குதிக்கச் சொன்னது திரை இல்லை. அடி பட்டவனின் சவுக்கைப் பறிக்கச் சொன்னதும் திரை இல்லை. மெதுவாக நடக்கிற ஒருவனுக்கு வேகமாக ஓடுகிறவனின் பாதையைப் போட்டுக் கொடுத்தார்கள். என் வழக்கு அதுதான். 3ஆம் தேதி நான் நடையை முதலில் வைத்தேன், இப்போது வரிசையை மாற்றுகிறேன்: முதலில் தண்டனை, பிறகு பள்ளம், கடைசியில்தான் நடை.

2024 மார்ச் 16

அந்த கேமை நான் முடித்தேனா என்று ஒருவர் கேட்டார். முடித்தேன், 2022 ஏப்ரலில்.

அந்த மாசங்களைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டீசல் இல்லை, எரிவாயு இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. கைத்தொலைபேசியில் இருந்த சார்ஜை அவசரத்துக்கு என்று காப்பாற்றி வைப்போம். ஒரு இரவு மெழுகுதிரி தேடி மேசை லாச்சியைத் துழாவும்போது கேம்போய் கையில் தட்டுப்பட்டது.

பற்றறி மூடியைத் திறந்தேன். எப்போதோ விட்டுப்போன பழைய பற்றறி ஒன்று கசிந்து, சுருள்கம்பியில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பிடித்திருந்தது. தேசிக்காய் ஒன்றைப் பிழிந்து, காதுக் குச்சியின் பஞ்சில் தோய்த்துத் தேய்த்தேன். நுரைத்தது. துடைத்து, காயவிட்டு, மறுநாள் கடையில் நாலு பென்டோர்ச் பற்றறி வாங்கிப் போட்டேன். ஆளியைத் தள்ளினேன். திரைக்கு இடப்பக்கத்தில் அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம் வந்தது. திரையின் வலது ஓரத்தில் மூன்று நேர்க்கோடு அழிந்துபோயிருந்தது, மற்றபடி எல்லாம் சுகம்.

அந்தப் பெட்டிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்விளக்கு இல்லாத திரை. ஆகவே இருட்டில் விளையாட முடியாது, பக்கத்தில் ஏதாவது எரிய வேண்டும். மெழுகுதிரியை ஒரு பேணி மூடியில் ஒட்டவைத்து, திரையை அதற்குச் சரித்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கூடச் சரித்தால் சுடர் திரையில் தெறித்து ஆளையே மறைக்கும், குறைத்தால் இருட்டு. அந்தச் சரிவு என் மணிக்கட்டுக்கு ஞாபகம் இருந்தது. 1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்கக் கரண்ட் வெட்டியபோது இதே வீட்டில், இதே மேசையில், இதே மாதிரித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது இரவு போனது. மூன்றாம் ஸ்டேஜில் கீழேயிருந்து முள் தளம் மேலே ஏறி வரும், நாம் கயிறு பிடித்து அதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும். ஒரு குதி பிழைத்தால் முடிந்தது. சிறுவயதில் அங்கேதான் நின்றேன். இந்தமுறை ஒவ்வொரு இரவும் ஒரு படி மேலே போனேன். கரண்ட் வந்ததும் வீட்டிலே "வந்துட்டுது!" என்று சத்தம் கேட்கும், நான் மட்டும் எழும்பமாட்டேன். மின்விசிறி சுழன்று மெழுகுதிரியை அணைக்கும். லைட்டுக்குக் கீழே அதே திரை நன்றாகவே தெரியும், ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை.

டிராகுலா கடைசியில் பெரிய வௌவாலாக மாறினார். அடித்தேன். கோட்டை இடிந்தது. மேசையில் தனியாக இருந்தேன். சந்தோசமாகவே இருந்தது.

2024 மார்ச் 16, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதை வாசித்துவிட்டு "அப்போ உங்களுக்குப் பிடித்துத்தானே இருக்கிறது" என்று சொல்லப்போகிறீர்கள். நான் முடித்ததுக்கும் அது நல்ல கேமாக இருப்பதுக்கும் தொடர்பில்லை. எனக்குக் கிடைத்தது ஒன்பது இரவு, மெழுகுதிரி, பழைய மேசை. அதை கேமின் கணக்கில் எழுத மாட்டேன்.

ஆனால் ஒரு விசயத்தில் மனம் மாறியிருக்கிறது. உண்மையான பெட்டியில், அந்த மங்கல் திரையில், அந்த மெதுவான நடை பொருந்துகிறது. அனிவர்சரி கலெக்ஷனில் பெரிய திரையில் பார்த்தால் நிழல் இழுபடாது, எல்லாம் கூர்மை, அதனால் நடை இன்னும் மந்தமாகத் தெரிகிறது. நடையைப் பற்றி நான் 3ஆம் தேதி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். தண்டனையைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தும் வாபஸ் இல்லை.

2024 மார்ச் 17

இந்த இழையில் யாரும் இன்னும் இதன் அடுத்த பாகமான பெல்மொன்ட்ஸ் ரிவெஞ்சைத் தொடாதது ஆச்சரியம். வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

1991. அதே கேம்போய், அதே கொனாமி, அதே கிறிஸ்டோபர். கதையில் பதினைந்து வருசம் கழிந்திருக்கிறது, முதல் பாகம் 1576இல் நடக்கிறது, இது 1591இல். அவனுடைய மகன் சோலெய்லை டிராகுலா பிடித்துக்கொண்டுபோய்விடுகிறார், தகப்பன் தேடிப் போகிறான். நாலு கோட்டை, எதை முதலில் போவது என்பது நம் விருப்பம். துணை ஆயுதம் திரும்ப வந்தது: புனித நீர் எல்லாப் பதிப்பிலும், கூடவே ஜப்பான் பதிப்பில் சிலுவை, வெளிநாட்டுப் பதிப்பில் கோடாரி. கயிற்றில் இறங்கும்போது விறுவிறென்று வழுக்கிக்கொண்டு இறங்கலாம். எந்த அடிக்கும் சவுக்கு குறையும் என்ற பழைய சட்டத்தையும் தளர்த்தியிருந்தார்கள்.

இதிலும் அவன் பெரிய ஓட்டக்காரன் இல்லை! நடை ஏறக்குறைய அதே நிதானம்தான். ஆனால் பள்ளங்கள் அவன் காலுக்கு ஏற்ற அளவு. எதிரிகள் அவன் வேகத்துக்கு ஏற்ற வேகத்தில் வருகிறார்கள். மெதுவான ஒருவனைச் சுற்றி அவனுக்கான ஒரு உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள். முதல்முறை விளையாடியபோது எனக்குக் கண் கலங்கியது. 1994இல் சுவிஸ் அண்ணாவின் பெட்டிக்குள் இந்தக் கசற் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

அதே வருசம் அதே கொனாமி கேம்போய்க்குக் கொண்ட்ராவின் ஒரு பாகத்தையும் கொண்டுவந்தது, ஒபரேஷன் சீ. என்ன ஓட்டம்! பெட்டியால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1989க்கும் 1991க்கும் நடுவில் பெட்டி மாறவில்லை. செய்தவர்கள் பெட்டியைப் படித்துக்கொண்டார்கள்.

2024 மார்ச் 19

மேலே சொன்னதற்கு ஒரு நியாயமான மறுப்பு வந்தது. "முதலாவதாக இறங்கினவன் தடக்குவான்தானே, இரண்டாவது ஆள் அதைப் பார்த்துப் படிப்பான்." சரி. அந்த இடத்தில் நான் கடுமையாக இருந்துவிட்டேன். கேம்போய் வெளியாகி ஆறு மாசம் அளவில் ஒரு பெரிய தொடரைக் கையடக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அவர்கள் தடக்கியிராவிட்டால் பெல்மொன்ட்ஸ் ரிவெஞ்ச் வந்திராது.

ஆனாலும் ஒன்று. அதே 1989 டிசம்பரில், இரண்டே மாசத்தில், ஃபமிகொமுக்கு மூன்றாம் காசில்வேனியா ஜப்பானில் வந்தது. பிரிந்து பிரிந்து போகும் பாதைகள், கூடவரும் துணையாட்கள், கைநிறைய ஆயுதம். ஒரு கையால் அவ்வளவு அள்ளிக் கொடுத்தவர்கள் மறு கையைப் பொத்திக்கொண்டார்கள். சின்னப் பெட்டி வைத்திருப்பவன் சின்னதுக்குத்தான் ஆசைப்படுவான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எங்களில் கனபேருக்கு வீட்டில் பெரிய பெட்டி இருக்கவில்லை. அந்தச் சின்னதுதான் எங்களுடைய பெரியது.

2024 மார்ச் 24

லெஜண்ட்ஸைப் பற்றிக் கேட்டவருக்கு: 1997, கேம்போயின் மூன்றாவது காசில்வேனியா, சோனியா பெல்மொன்ட் என்ற பெண் நாயகி. ஆசையாகத் தொடங்கினேன், பாதியில் வைத்துவிட்டேன். அறைகள் எல்லாம் ஒரே மாதிரி. பிறகு தொடரைப் பொறுப்பெடுத்த கோஜி இகராஷி அந்தக் கதையையே கால வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். சோனியாவுக்கு அது அநியாயம். கேம் சுமாரென்றால் கேமைத் திருத்த வேண்டும், அவளை ஏன் வீட்டைவிட்டு அனுப்புவது?

2001இல் கேம்போயின் வழிவந்த புதுப் பெட்டியான கேம்போய் அட்வான்ஸோடு சர்க்கிள் ஒஃப் த மூன் என்ற காசில்வேனியா வந்தது. அருமையான கேம். ஆனால் அந்தப் பெட்டிக்கும் பின்விளக்கு இல்லை, கேமோ கரிய நிறத்தில் கரிய கோட்டை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் வைத்துப் பார்த்தேன், கண்ணாடிக் கதவுப் பக்கம் போய் காலி வீதி வெயிலில் பிடித்தால்தான் எலும்புக்கூடு தெரிந்தது. அங்கே பெட்டிக்கு என்ன வரும் என்று கேம் செய்தவர்கள் கணக்கெடுக்கவில்லை. 2003இல் ஏரியா ஒஃப் சொரோ வந்தபோது நிறங்கள் வெளித்தன. திரும்பவும் அதே கதை, முதலில் தடக்கு, பிறகு தெளிவு.

கையடக்கத்தில் காசில்வேனியா சரிவராது என்று இனி ஒருவரும் சொல்லவேண்டாம். இந்தத் தொடரின் நல்ல பாகங்களில் பாதி கைக்குள் அடங்கியவைதான்.

2024 மார்ச் 25

பற்றறி விசயம், இரண்டு பேர் கேட்டதால்: தேசிக்காய்ப் புளி போட்டபிறகு நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும், ஈரத்தோடு பற்றறி போடாதீர்கள். விளையாடி முடிந்ததும் பற்றறியைக் கழற்றி வையுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம். உப்புக் காற்று ஒன்றையும் விடாது.

2024 மார்ச் 28

ரீபேர்த் விளையாடியிருக்கிறேனா என்று கேள்வி. ஓம், தெஹிவளையில் ஒரு நண்பன் வீட்டில், அவனுடைய வீ (Wii) என்ற ரீவி கேம் பெட்டியில். 2009இல் எம்2 என்ற நிறுவனம் கொனாமிக்காகச் செய்தது, இதே தி அட்வென்ச்சரின் மறு ஆக்கம் என்று பெயர். பெயரும் கிறிஸ்டோபரும்தான் அது, உள்ளே புதுக் கோட்டை. துணை ஆயுதம் எல்லாம் இருக்கிறது, நடை சுறுசுறுப்பு. நல்ல கேம். ஆனால் வீயின் இணையக் கடையில் மட்டும்தான் விற்றார்கள், அந்தக் கடையை 2019 ஜனவரி 30இல் மூடிவிட்டார்கள். அனிவர்சரி கலெக்ஷன் வந்தது அதே வருசம் மே மாசம். அதில் இதைச் சேர்க்கவில்லை. திருத்தி எழுதிய விடையைக் கிழித்துவிட்டுப் பிழையான விடையை மட்டும் கோப்பில் வைத்தமாதிரி இருக்கிறது.

2024 மார்ச் 30

தம்பி இரண்டாம் ஸ்டேஜில் நிற்கிறாராம். பாலத்தில் உருண்டு வரும் கண்முழிகள்.

அதை அடிக்காதீர்கள். பாலத்தில் வைத்து அடித்தால் அது வெடித்துப் பாலத்தையும் கொண்டுபோய்விடும், நீங்கள் கீழே. சவுக்குக் கையில் இருந்தால் அடிக்கத்தான் மனம் வரும், எனக்கும் வந்தது. நின்று, அது கிட்ட வரும்வரை பொறுத்து, மேலால் குதியுங்கள். நினைப்பதைவிட ஒரு கணம் பிந்திக் குதிக்க வேண்டும். அனிவர்சரி கலெக்ஷனில் நினைத்த இடத்தில் சேமிக்கலாம்தானே, பாலத்துக்கு முன்னால் ஒருதரம் சேமியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் ஸ்டேஜுக்கு என்னுடைய சீ.ஆர். கொப்பியைத் தேடி எடுத்துவிட்டேன். மட்டை போய்விட்டது, பக்கங்கள் இருக்கின்றன. நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன். நீல மையில் இருப்பது 1996இல் கீறியது, கறுப்பு மையில் இருப்பது 2022இல். நீலத்தில் முள் தளம் தொடங்கும் இடத்தில் ஒரு கயிறு இடப்பக்கம் கீறியிருக்கிறேன், அது பிழை, கயிறு வலப்பக்கம். கறுப்பைப் பார்த்து ஏறுங்கள்.